மகாதேவியின் சீதனக் கார்

மகாதேவியை நல்ல மனுசி என்று சொல்லும் ஒருவரையும் நான் பண்டத்தரிப்பில் சந்தித்ததில்லை. நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெங்காயத் தோட்டத்தில் என் அப்பா கூலி வேலை செய்கிறார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தார். என் அம்மா மகாதேவியை "அம்மா" என்று கூப்பிடுவார். பல்கலைக்கழகம் போய் வந்த பிறகு நான் "அன்ரி" என்று கூப்பிடத் தொடங்கினேன். அதை அவர் திருத்தவுமில்லை, ஏற்றுக்கொண்டதாகக் காட்டவுமில்லை. அவருக்கு நான் "பிள்ளை". கோபம் வந்தால் "முத்துக்குமாருவின்ரை பெட்டை". எனக்கென்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி நான் ஏன் எழுதவேண்டும்? எழுதத் தொடங்கி இரண்டு தரம் கிழித்துவிட்டேன். அவரிடம் இருக்கும் ஒரு கார்தான் என்னைத் திரும்பவும் உட்கார வைக்கிறது.

அது அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஒரு எம்.ஜி. கார். கூரையை மடித்து விடலாம். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போனதை, சண்டிலிப்பாயில் புகையிலை வியாபாரம் செய்த ஆழ்வாப்பிள்ளை வாங்கிக் கொண்டுவந்து, தன் மகள் மகாதேவிக்குச் சீதனமாகக் கொடுத்தார். காணியும் நகையும் கொடுக்கிற ஊரில் சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக்கார். கலியாணப் பந்தலில் மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிடக் காரைப் பார்த்தவர்கள்தான் அதிகம் என்று அப்பா சொல்வார்.

எங்கள் ஊர் வழக்கத்தில் சீதனம் பெண்ணுடைய சொத்து. யாழ்ப்பாணத்துக்கென்று இருக்கும் தேசவழமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கல்யாணம் முடிந்து எத்தனை வருடம் போனாலும் அது அவளுடையதுதான். ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்க, கார்ச் சாவி மகாதேவியின் கணவர் பரமலிங்கத்தாரின் இடுப்பில் இருந்தது. ஊர் முழுக்க அதைப் "பரமலிங்கத்தாற்றை கார்" என்றது. மகாதேவி இடது பக்கச் சீற்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார். சண்டைக் காலத்தில் அதை வைக்கோல் போருக்குள் மூடி மறைத்ததும், சண்டை முடிந்த பிறகு வெளியே எடுத்துத் துருக் கறள் சுரண்டி, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்ததும் பரமலிங்கத்தார்தான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. அவர் கொள்ளைக்காரர் அல்ல. தன்னுடையது என்று உண்மையாகவே நம்பினார்.

கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசுவதை விட்டுப் பல காலம். பிள்ளைகள் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள். பேச வேண்டியதை எல்லாம் சுவருக்குச் சொல்வார்கள். "சோறு ஆறுது, சாப்பிடுறவை சாப்பிடலாம்" என்று குசினிக்குள் இருந்து வரும். "ஆறின சோத்தையே குடுத்துப் பழகின வீடு" என்று விறாந்தையில் இருந்து போகும். ஏன் பேச்சு நின்றது என்று கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்.

போன தைப்பொங்கலன்று நோர்வேயில் இருந்து சிவகரன் வீடியோவில் அழைத்திருந்தான். பரமலிங்கத்தாரின் தங்கையின் மகன். கீரிமலைப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தான். அதன் வாசலில் அந்தக் காரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பரமலிங்கத்தார் சீனி வருத்தத்தால் கண் மங்கி, கார் ஓட்டுவதை விட்டிருந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"கார் உனக்குத்தான் தம்பி. ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்கு வாறாய்தானே, வந்து எடு. இஞ்சை ஓட ஆளில்லை."

குசினிக்குள் பொங்கல் பானையைப் பார்த்தபடி மகாதேவி கேட்டார்: "ஆற்றை சீதனத்தை ஆர் ஆருக்குக் குடுக்கிறது?"

"சீதனமாம். வைச்சுக் கும்பிடவே? ஓடத் தெரிஞ்சவைக்குத்தான் கார். இந்த ஒடுங்கின ஒழுங்கைக்கை கொண்டுபோய் ஒருக்கால் திருப்பிக்கொண்டு வரட்டும் பாப்பம். வந்தால் அந்தக் காரைப் பற்றி நான் பிறகு வாயே திறக்கமாட்டன்."

தொலைபேசிக்குள் சிவகரன் சிரித்தான். "மாமி ஓடட்டுமன் மாமா. ரோட்டிலை ஆக்களை மட்டும் விலகச் சொல்லுங்கோ."

பொங்கல் வாங்கப் போன என் அம்மா முற்றத்தில் நின்று கேட்டு வந்து சொன்னது இது. ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரமலிங்கத்தார் துணிந்து சொன்னதற்குக் காரணம் இருந்தது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கிணற்றுக்கட்டில் விழுந்து மகாதேவியின் வலது மணிக்கட்டு முறிந்தது. சரியாகப் பார்க்க வசதியில்லாமல் கோணலாகப் பொருந்திவிட்டது. அந்தக் கையால் தேங்காய் துருவவே சிரமப்படுவார். அந்தக் காரின் ஸ்ரியறிங்கோ, ஓடும்போது பரவாயில்லை, நின்ற இடத்தில் திருப்ப ஆம்பிளைகளுக்கே மூச்சு வாங்கும்.

அறுபது வயது தாண்டிய மகாதேவி சாரதிப் பயிற்சிக்குப் போனார். பழக்கிய பெடியனை அவர் திட்டிய திட்டில் அவன் வேறு ஆளை மாற்றிவிடச் சொன்னானாம். இரண்டாம் தரத்தில் லைசன்ஸ் எடுத்தார். சாவியைப் பரமலிங்கத்தார் குளிக்கப் போன நேரத்தில் வேட்டியில் இருந்து எடுத்துத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டார். பிறகு முற்றத்தில் காருக்குள் ஏறி ஸ்ரியறிங்கைப் பிடித்தார். சக்கரம் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

"மாட்டைக் கட்டி இழுத்தால் வரும்" என்றது விறாந்தை.

அடுத்த நாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கம்பஸ் முடிச்சிட்டுச் சும்மாதானே இருக்கிறாய். இங்கிலீசு வாசிப்பியோ?"

"ஓரளவுக்கு வாசிப்பன், அன்ரி."

"ஓரளவுக்கு எண்டால் என்னத்துக்குப் படிச்சனி? சரி வா."

இப்படித்தான் நான் உள்ளே போனேன். பழைய காருக்குப் புதிய காரின் மின்சாரப் பவர் ஸ்ரியறிங்கைப் பூட்டலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் செய்கிற வெள்ளைக்காரர்களின் வீடியோக்களைத் தேடி, அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை. எனக்குத் தேநீர் வந்த கோப்பை வேறு. அது எங்கே கழுவப்படுகிறது, எங்கே கவிழ்த்து வைக்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சமூகவியலில் இதைப்பற்றி நான் ஒரு ஆய்வுக்கட்டுரையே எழுதியிருக்கிறேன். எழுதிய கையால் அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தேன்.

ஏன் குடித்தேன், ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பெண் தன் சொத்தை மீட்கப் போராடுகிறார், அதற்குத் துணை நிற்கிறேன் என்று ஒரு தோழிக்குச் சொன்னேன். சொன்னபோது நன்றாக இருந்தது. ஆனால் உண்மை அவ்வளவு அழகில்லை. நான் கம்பஸுக்கு எடுபட்ட அன்று பரமலிங்கத்தார் அப்பாவிடம், "பெட்டையைப் படிப்பிச்சென்ன முத்துக்குமாரு, வெங்காயம் நட ஒரு ஆள் குறைஞ்சதுதான் மிச்சம்" என்று சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே வந்து வீட்டில் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. மகாதேவி வெல்லவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அந்தக் கதிரையில் இருக்கிற மனுசன் தோற்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வேலை செய்ய வந்தவர் கனிசியஸ். சண்டிலிப்பாயில் கராஜ் வைத்திருக்கிறார். காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அக்கா, இதைக் கெடுக்கச் சொல்லுறியள். இதிலை கை வைக்கிறது பாவம்."

"பாவமெண்டால் கோயிலுக்குப் போ. வேலை தெரியுமெண்டால் செய்."

"வேலை தெரியும்."

"அப்ப வாயைப் பொத்து."

விபத்தில் நொறுங்கிய ஒரு சின்ன ஜப்பான் காரில் இருந்து மோட்டரோடு கூடிய ஸ்ரியறிங் பகுதியையும் அதை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கனிசியஸ் தேடிக் கொண்டுவந்தார். பரமலிங்கத்தார் கிளினிக்குக்குப் போயிருந்த காலையில் வேலை தொடங்கியது. ஸ்ரியறிங் சில்லில் இருந்து கீழே போகிற இரும்புத் தண்டைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டுக் கனிசியஸ் சொன்னார்:

"ரெண்டு விதமாச் செய்யலாம். இந்தத் தண்டை அப்பிடியே எடுத்து வைச்சிட்டுப் புதுசா ஒண்டு கடைஞ்சு பூட்டலாம். பிறகு எப்பவெண்டாலும் பழையபடி மாத்தலாம். கொஞ்சம் மினக்கெடும், ஆனால் அதுதான் முறை. மற்றது, இதையே நடுவிலை அறுத்து மோட்டரோடை ஒட்டுறது."

"அறு."

"அறுத்தால் அறுத்ததுதான் அக்கா. பிறகு உலகத்திலை எங்கை தேடியும் —"

"காது கேக்குது. அறு."

கனிசியஸ் என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். வீடியோக்களில் எல்லா வெள்ளைக்காரர்களும் பழைய தண்டைத் துணியில் சுற்றிக் கவனமாக எடுத்துவைத்ததை நான் பார்த்திருந்தேன். அறுக்கும் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மகாதேவி காதைப் பொத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

மோட்டரைப் பூட்டி முடித்து மின்சாரம் கொடுக்கிற நாளில் பரமலிங்கத்தார் கதிரையை விறாந்தையில் இருந்து முற்றத்து விளிம்புக்கு இழுத்துப் போட்டு இருந்தார். உள்ளே அறுத்து ஒட்டியது மூடிக்குள் மறைந்திருந்தது. வீடியோவில் சொன்ன ஒன்றைக் கனிசியஸுக்கு ஞாபகப்படுத்தினேன்:

"அண்ணை, சில பழைய இங்கிலாந்துக் காரிலை பற்றறியின்ரை பிளஸ்ஸைத்தான் காரின்ரை இரும்புப் பொடியோடை குடுத்திருப்பாங்களாம். அப்பிடியெண்டால் முதல் மாத்தவேணுமாம், இல்லாட்டிப் புதுச் சாமான் எரிஞ்சுபோமாம்."

கனிசியஸ் சிரித்தார். "அது வெள்ளைக்காரன்ரை ஊரிலை தங்கச்சி. பொருளாதாரத் தடையிலை யாழ்ப்பாணத்திலை ஓடின ஒரு பழைய காரும் அப்பிடி இல்லை. டைனமோவுக்கு சாமான் இல்லாமல் எல்லாரும் ஜப்பான் சாமான் போட்டு எப்பவோ மாத்தியாச்சு. மண்ணெண்ணெயிலை ஓடின காலமெல்லே அது. என்ரை அப்பாவே எத்தனையை மாத்தினவர்."

எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். தடைக்காலத்தில் ஓடிய கார்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் இந்தக் கார் அப்போது ஓடவில்லை. வைக்கோலுக்குள் கிடந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பற்றறி சீற்றுகளுக்குப் பின்னால் மூடிக்கு அடியில் இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவுமில்லை.

கனிசியஸ் வயரைத் தொடுத்தார். ஒரு சின்னச் சத்தம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்து வெள்ளைப் புகை வந்தது. பிளாஸ்டிக் எரிந்த மணம்.

கனிசியஸ் வயரைப் பிடுங்கினார். பிறகு கதிரை பேசியது.

"இங்கிலிசுக்காரன் பிளஸ்ஸைத்தான் பொடியிலை குடுத்தவன். இண்டைக்கும் அப்பிடித்தான் கிடக்கு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பினம்."

தன் கையால் வயர் இழுத்த காரை அவருக்குத் தெரியாதா? நான் கனிசியஸிடம் கேட்டதும் அவர் சிரித்ததும் அந்தக் கதிரைக்குக் கேட்டிருந்தது. கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, புகைக்காகக் காத்திருந்தார்.

கனிசியஸ் கையில் இருந்த குறட்டை நிலத்தில் எறிந்தார். "ஐயா, இது மனுசர் செய்யிற வேலையே? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனியள்?"

"உம்மட்டை ஆரும் கேள்வி கேக்கேல்லை, நீரும் ஆரிட்டையும் கேக்கேல்லை."

மகாதேவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் வந்தார்.

"வாசிச்சனிதானே. வாசிச்சதை அவனுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லத் தெரியாதே? படிச்ச பெட்டையாம்."

"நான் சொன்னனான் அன்ரி. நீங்களும் கேட்டுக்கொண்டுதானே நிண்டனியள்."

அவருக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். குறைந்தது எங்கள் வீட்டில் இருந்து யாரும் சொன்னதில்லை. முகம் இறுகியது. அடிக்கப்போகிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு கனிசியஸிடம் திரும்பி, "இன்னொரு பெட்டி தேடு. பற்றறியையும் மாத்து. டைனமோவைத் தூக்கி எறி. இந்தக் காரிலை பழசெண்டு என்னென்ன கிடக்கோ எல்லாத்தையும் மாத்து" என்றார்.

"இனி நான் வரமாட்டன் அக்கா."

"வருவாய். எரிச்சுப்போட்டுப் போனவன் எண்டு சண்டிலிப்பாய்ச் சந்தியிலை நிண்டு சொல்லுவன்."

கனிசியஸ் வந்தார். நான் மூன்று கிழமை போகவில்லை. பிறகு போனேன்.

ஆவணியில் சிவகரன் வந்தான். வெள்ளை வானில், கழுத்தில் கமராவோடு. காரைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் ஒரிஜினல்தானே மாமா? ஒரிஜினல் எண்டால்தான் மதிப்பு" என்று கேட்டான். பரமலிங்கத்தார், "ஒரு மோட்டரைக் கொழுவி வைச்சிருக்கினம். கழட்டி எறிஞ்சிட்டுப் பழைய தண்டைப் பூட்டினால் சரி" என்றார்.

மகாதேவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பரமலிங்கத்தார் கேற்றுக்கு வெளியே வந்து மதிலில் சாய்ந்து நின்றார். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதில். ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் வந்தால் சைக்கிளை மதிலோடு சாத்த வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பல தரம் எடுத்துத்தான் எந்தக் காரையும் திருப்பலாம். ஒவ்வொரு தரமும் நின்ற இடத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக முறித்துத் திருப்ப வேண்டும்.

முதல் தரம் எஞ்சின் நின்றுபோனது. சிவகரன் கமராவைத் தூக்கினான். இரண்டாம் தரம் கார் நகர்ந்தது. மதிலுக்கு முன்னால் நிறுத்தி, கோணல் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, இடது உள்ளங்கை ஒன்றால் மட்டும் சில்லைச் சுழற்றினார். மோட்டர் மெல்ல முனகியது. முன் சக்கரங்கள் மணலை அரைத்துக்கொண்டு திரும்பின. பின்னுக்கு எடுத்தார். பின் பம்பர் எதிர்மதிலில் இடித்தது. இறங்கிப் பார்க்கவில்லை. மறுபடி முன்னுக்கு. எங்கள் வீட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த காரின் மூக்கு மகாதேவியின் வீட்டுப் பக்கம் திரும்பியது. கேற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உது மோட்டர் திருப்பினது. ஆள் திருப்பேல்லை" என்றார் பரமலிங்கத்தார், மதிலைப் பார்த்து.

"முந்தி ஓடினவை எஞ்சின் போட்டு ஓடினவையோ, இறங்கித் தள்ளினவையோ?" என்றார் மகாதேவி, ஸ்ரியறிங்கைப் பார்த்து.

சிவகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி மாமி, நல்லா ஓடினியள். இந்தப் பழைய தண்டு எங்கை கிடக்கு? நான் பூட்டிக்கொள்ளுறன்" என்றான்.

"உள்ளுக்கைதான் கிடக்கு. குனிஞ்சு பார்."

அவன் தொலைபேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குனிந்தான். தலை வெளியே வர நேரம் எடுத்தது. நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அறுத்துக் கிடக்கு மாமா. ரெண்டு துண்டு."

பரமலிங்கத்தார் மதிலில் இருந்து விலகி வந்தார். கண் மங்கியவர் காரின் கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அத்தனை காலத்துக்குப் பிறகு மனைவியின் முகத்துக்கு நேரே பேசினார்.

"என்னடி செய்தனி? நாயே, என்ரை காரை என்னடி செய்தனி?"

மகாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவகரனிடம் சொன்னார்: "உன்ரை மாமாவுக்குச் சொல்லு தம்பி. திருப்பிப் பூட்டக்கூடியதாய் விட்டால் திருப்பிப் பூட்டிப்போடுவினம். அதுதான் அறுத்தது. டைனமோவும் பழைய இரும்புக்காரனிட்டைப் போயிட்டுது."

சிவகரன் அன்று மத்தியானமே போய்விட்டான். அவனுக்குக் கார் வேண்டாம். ஒரிஜினல் இல்லாததை வைத்து என்ன செய்வது என்று வானில் ஏறும்போது சொன்னான். பரமலிங்கத்தார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காரைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் வாய் திறக்கவில்லை. வேறு எதைப் பற்றியும் திறக்கவில்லை. சுவருக்குச் சொல்வதுகூட நின்றுவிட்டது என்று அம்மா சொன்னார்.

அவர் தோற்கவேண்டும் என்று விரும்பியவள் நான். அவர் காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு அந்தச் சந்தோசம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது இல்லை என்று எழுதினால் பொய்.

போன கிழமை ஒரு நேர்முகப் பரீட்சைக்காக யாழ்ப்பாணம் போக பஸ் தரிப்பில் நின்றேன். பரமலிங்கத்தார் கிளினிக்குக்குப் போகக் குடையோடு வந்து தள்ளி நின்றார். வீட்டில் கார் இருந்தும் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்பதைப் பார்க்காத மாதிரி நின்றேன். அப்போது சிவப்புக் கார் வந்தது. கூரை மடித்திருந்தது. மகாதேவி, பக்கத்துச் சீற்றில் ஒரு கட்டு வெங்காயத் தாள். எங்களைக் கடந்து போனார். அவர் எங்களைக் கண்டார் என்பது எனக்குத் தெரியும். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. சந்தியில் இடது பக்கம் திரும்பினார்.

"சிக்னல் போடாமல் திரும்புறா" என்றார் பரமலிங்கத்தார். பிறந்ததில் இருந்து அவர் என்னிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அது.

"அவ போட்டவா, ஐயா. லைற் எரிஞ்சது."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார்.

பஸ் வந்தது. அவரை முதலில் ஏறவிட்டு, நான் பின்பக்கச் சீற்றில் போய் இருந்தேன்.